இருபத்தாறு கல்யாணம்... ஒரு மானிட்டர்!

"என்ன தம்பி வேணும்? லேப்டாப்பா, பேட்டரியா, சி.சி.டி.வி. கேமராவா?"

சென்னை அண்ணா சாலையில் இருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் காலை வைத்ததுமே இந்தக் கேள்வி நாலு பக்கமிருந்தும் வரும். பதில் சொல்லாமல் நடந்தால், "சும்மா பாத்துட்டுப் போப்பா... பாக்குறதுக்குக் காசா கேட்டோம்?" என்று அடுத்த அம்பு. தலைக்கு மேலே தோரணம் கட்டின மாதிரி ஒயர். காலுக்குக் கீழே முந்தின நாள் மழைத் தண்ணி. நடுவில் ஹாரன் அடித்தபடி ஒரு டூவீலர், அதன் பின் சீட்டில் ஒரு யு.பி.எஸ்-ஸைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஒருவர்.

பேர்தான் ஒரு ஸ்ட்ரீட். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றியிருக்கும் தெருக்களையும் சேர்த்துத்தான் எல்லோரும் ரிச்சி ஸ்ட்ரீட் என்கிறார்கள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய மார்க்கெட் இதுதான் என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு நமக்கெதுக்கு? மினி புராஜெக்ட்டுக்கு ரெசிஸ்டர், சோல்டரிங் அயர்ன், ஆர்டுயினோ போர்டு, பழைய லேப்டாப்புக்கு புது கீபோர்டு... எல்லாம் ஒரே இடத்தில். இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு இது குலதெய்வக் கோயில் மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து கும்பிட்டுட்டுப் போயிடணும்.

இந்தத் தடவை நாங்கள் வந்தது மானிட்டர் வேண்டுதலோடு.

வேண்டுதல் எனக்கில்லை, என் ரூம்மேட்டுக்கு. இந்தக் கட்டுரையில் அவன் பேர் 'மாப்ள'. நிஜப் பேரைப் போட்டால் வீட்டில் டின் கட்டிடுவாங்களாம்! முகூர்த்த நாள் வந்தால் மாப்ளயை கிளாஸில் பார்க்க முடியாது. பக்கத்து ஊர் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் கான்ட்ராக்டரோடு போய் பந்தி பரிமாறுவான். ஒரு கல்யாணத்துக்கு ஐநூறு ரூபாய், சாப்பாடு ஃப்ரீ. தை மாசம் ஆரம்பித்தது. ஆடி மாசம் லீவு. ஆவணி முடியும்போது மொத்தம் 26 கல்யாணம். சாம்பார் வாளி தூக்கித் தூக்கிச் சேர்த்த 13,000 ரூபாய் அவன் பேன்ட் பாக்கெட்டில் இருக்கிறது.

எதுக்கு? எங்கள் ஹாஸ்டலில் ஐந்து பேர் சேர்ந்து வேலரன்ட் டீம் வைத்திருக்கிறார்கள். காலேஜ்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடுகிறார்கள். முதல் ஆளாக உள்ளே பாய்வது மாப்ளயின் வேலை. முதல் ஆளாகச் சாவதும் அவன்தான். "அவன் மூலையிலேர்ந்து எட்டிப் பாக்குறதே தெரியல மச்சி. நான் பாக்கும்போது நான் கீழே கிடக்கேன். எல்லாம் இந்த 60 ஹெர்ட்ஸ் டப்பாவாலதான்!" என்பது அவன் ஒரு வருஷப் புலம்பல். அந்த டப்பா, அவன் மாமா ஆபீஸில் கழித்துப்போட்ட 19 இன்ச் மானிட்டர்.

புலம்பல் நிஜமா, சாக்கா? நிஜம்னா 13,000 ரூபாய் சரியான செலவு. சாக்குன்னா 26 கல்யாணத்து சாம்பாரும் வேஸ்ட். அதனால்தான் துணைக்கு நான், என் கையில் ஒரு நோட்டு.

காட்பாடியில் காலை ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் ஒரே ஸ்டாப் போனால் அரசினர் தோட்டம். வெளியே வந்தால் நடக்கிற தூரம்தான். பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்கு சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துடாதீங்க, பெரும்பாலான கடைகளில் ஷட்டர்தான் தரிசனம். நாங்கள் போனது ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரைக்கு அப்போதுதான் ஒவ்வொரு ஷட்டராக ஏறிக்கொண்டிருந்தது.

ரயிலில் இரண்டு மணி நேரம் சும்மா இருக்கவில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் மாப்ளக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். சிம்பிள் வகுத்தல்தான். ரெஃப்ரெஷ் ரேட் என்றால் மானிட்டர் ஒரு செகண்டில் எத்தனை தடவை புதுப் படம் வரைகிறது என்பது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 60 தடவை. ஒரு செகண்டை 1,000 மில்லி செகண்டாக வைத்து வகுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி செகண்ட். அந்த இடைவெளியில் எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தால், அடுத்த படம் வரும்வரை உங்களுக்கு அவன் சுவருக்குப் பின்னால்தான். 144 ஹெர்ட்ஸில் இந்த இடைவெளி 6.9. 180-ல் 5.6. 240-ல் 4.2.

"பதினோரு மில்லி செகண்டுக்கா இவ்ளோ ஆட்டம்?" என்று எதிர் சீட்டில் இருந்த அங்கிள் கேட்டார். நியாயமான கேள்வி. கண்ணில் பார்த்ததுக்குக் கை அசைய மனுஷனுக்கு கிட்டத்தட்ட 200 மில்லி செகண்ட் ஆகும். அதில் பதினொன்று எம்மாத்திரம்? ஆனால் எதிரில் ஆடுகிறவனுக்கும் அதே 200-தான். இரண்டு பேரும் சம வேகம் என்றால், யாருக்கு முதலில் தெரிந்ததோ அவன் கை முதலில் அசையும். அங்கிள் பாதி நம்பினார். "சினிமாவே 24 ஃப்ரேம்தானேப்பா... அதுவே நல்லாத்தானே தெரியுது?"ன்னு இன்னொரு கொக்கி.

இந்த 24 கதையை எல்லா ஹாஸ்டலிலும் யாராவது ஒருத்தர் சொல்வார். 'மனுஷக் கண்ணுக்கு 24-க்கு மேல தெரியாது'ன்னு அடித்துவிடுவார். தப்பு பாஸ். சினிமா கேமரா ஒவ்வொரு ஃப்ரேமிலும் அசைவைக் கொஞ்சம் கலங்கலாகவே பிடிக்கிறது. அந்தக் கலங்கல்தான் ஒரு ஃப்ரேமையும் அடுத்ததையும் ஒட்டவைக்கிற பசை. தியேட்டரில் ஃபிலிம் ஓட்டின காலத்தில் ஒரே ஃப்ரேமை இரண்டு, மூன்று தடவை திரையில் அடித்துக் காட்டினார்கள், மினுக்கு தெரியாமல் இருக்க. இன்னொரு விஷயம், சினிமாவில் ஹீரோ திரும்புவது உங்கள் மவுஸை நகர்த்தி இல்லை. கேமில் கையை அசைத்ததும் படம் கூடவே அசையணும். தாமதமானால் கண்ணை விட கைக்குத்தான் முதலில் உறைக்கும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் போனிலேயே பார்க்கலாம். 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே உள்ள போன் என்றால், டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 60-க்கு மாற்றிவிட்டு ஒரு நீளமான சாட்டை வேகமாகத் தள்ளிப் பாருங்கள். திரும்ப 120. அங்கிளுடையதில் இந்த வசதி இருந்தது. ஆம்பூர்காரர். பெரம்பூர் வரும்வரை தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாங்கள் ஏறின முதல் கடையில் ஏ.சி., கண்ணாடிக் கதவு, சிவப்பு, நீலம், பச்சை என்று லைட் எரியும் கேபினெட்கள். சேல்ஸ் அண்ணன் எங்களைப் பார்த்ததுமே கேமிங் கேஸ் என்று கண்டுபிடித்துவிட்டார். நேராக 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் முன்னால் நிறுத்தினார். விலை 16,500. மாப்ள மனசுக்குள் முப்பத்து மூணு கல்யாணம் என்று கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"தம்பி, ஹெர்ட்ஸ் ஏறினா கில் ஏறும். கம்பெனிக்காரனே கிராஃப் போட்டுக் காட்டியிருக்கான்" என்றார் அண்ணன்.

அவர் கதை விடவில்லை. கிராபிக்ஸ் கார்டு விற்கிற என்விடியா 2019-ல் அப்படி ஒன்றை வெளியிட்டது. வேகமான மானிட்டர் வைத்து பேட்டில் ராயல் கேம் ஆடுகிறவர்கள், ஒவ்வொரு முறை சாவதற்கும் அதிக எதிரிகளை வீழ்த்துகிறார்கள் என்பது அதன் சாரம். ஆனால் ஒரு நிமிஷம் யோசிங்க. எங்கள் தெருவில் விலை அதிகமான பேட் வைத்திருப்பவன்தான் ரன்னும் அதிகம் அடிப்பான். தினமும் காலை ஐந்து மணிக்கு கோச்சிங் போகிறவனும் அவனேதான். ரன் பேட்டில் இருந்து வந்ததா, கோச்சிங்கில் இருந்து வந்ததா? நாள் முழுக்க ஆடுகிறவன்தான் முதலில் நல்ல மானிட்டரும் வாங்குவான். கார்டு விற்கிறவர் போட்ட கிராஃப் என்பதையும் ஞாபகம் வைத்துக்கணும்.

சரி, கிராஃப் வேண்டாம், கண்ணால் பார்த்துடுவோம் என்று போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அந்த மானிட்டரில் 'டெஸ்ட் யுஎஃப்ஓ' திறந்தோம். வேற்றுக்கிரகவாசி தட்டு ஒன்று திரையின் குறுக்கே பறந்துகொண்டே இருக்கும் ஒரு டெஸ்ட். மேல் வரிசையில் முழு வேகம், அடுத்த வரிசையில் பாதி, அதற்கடுத்து கால் வாசி. கடையில் எந்த மானிட்டரையும் இதை வைத்து எடை போடலாம். மேல் தட்டில் ஜன்னல், கண்ணு எல்லாம் தெரிகிறது. கீழே வர வர, குடத்துத் தண்ணியில் கரைத்த கோலம்.

எல்.சி.டி. மானிட்டர் ஒரு படத்தை வரைந்தால் அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் கண்ணோ பறக்கிற தட்டைப் பின்தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். படம் நிற்கிறது, கண் நகர்கிறது. அதனால் கண்ணுக்குள்ளே படம் இழுபடுகிறது. தட்டு ஒரு செகண்டுக்கு 960 பிக்ஸல் நகர்கிறது என்று வைத்தால், 60 ஹெர்ட்ஸில் 16 பிக்ஸல் அகலத்துக்கு இழுப்பு. 120-ல் 8. 180-ல் ஐந்து சொச்சம். 240-ல் 4. ஓடுகிற எதிரியின் தலை திரையில் அதிகபட்சம் பத்து, இருபது பிக்ஸல்தான் இருக்கும் தூரத்தில், 16 பிக்ஸல் இழுப்பு என்றால்? தலை எது, சுவர் எதுன்னே தெரியாது. மாப்ளயின் புலம்பலில் பாதிக்கு இங்கேயே நியாயம் கிடைத்துவிட்டது. சீக்கிரம் தெரிவது ஒரு லாபம், தெளிவாகத் தெரிவது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய லாபம். ஆனால் பெட்டி மேல் அதை எவனும் எழுதுவதில்லை.

240-ஐ மாப்ள விட மனசில்லாமல் தடவிக்கொண்டிருந்தான். நான் நோட்டைத் திறந்தேன். முந்தின வாரம் ஒவ்வொரு ராத்திரியும் அவன் ஆடும்போது திரை மூலையில் ஓடுகிற இரண்டு நம்பரைக் குறித்து வைத்திருந்தேன். முதலாவது, அவன் கார்டு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் தள்ளுகிறது. அவனுடையது சீனியரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கின ஜி.டி.எக்ஸ். 1650. எல்லா செட்டிங்கையும் குறைத்து வைத்தால் வேலரன்டில் 160-லிருந்து 190 வரை. சண்டை உச்சத்தில் இன்னும் கொஞ்சம் குறையும்.

இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். மானிட்டர் வெறும் ஜன்னல். படம் போடுவது கார்டு. கார்டு 170 படம் கொடுத்தால் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்ன செய்யும்? வந்ததையே திரும்பக் காட்டும். பந்தியில் 240 இலை போட்டாச்சு, சோறு 170 பேருக்குத்தான் என்கிற கதை. (மாப்ளக்கு இந்த உதாரணம் உடனே புரிந்தது.) ஜி.டி.ஏ. ஃபைவ் மாதிரி கனமான கேம் என்றால் அதே கார்டு கிராபிக்ஸை ஏற்றி வைத்து 60, 70-லேயே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட கேம் மட்டும் ஆடுகிறவர்கள் மானிட்டருக்கு முன்னால் கார்டைப் பார்க்கணும்.

இதற்கு நேர் எதிர் நிலைமைதான் மாப்ளக்கு இதுவரை. கார்டு 170 படம் சமைத்துத் தள்ளுகிறது, மானிட்டர் 60-ஐத்தான் சாப்பிடுகிறது. பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்து மேலே ஏற, திரையின் மேல்பாதி ஒரு கணம், கீழ்ப்பாதி இன்னொரு கணம். சுவரின் விளிம்பு நடுவில் ஒடிந்து நிற்கும். இதுக்குப் பேர் டியரிங். வி-சிங்க் போட்டால் ஒடிசல் போகும், ஆனால் படம் வரிசையில் காத்து நிற்பதால் மவுஸ் எண்ணெயில் மிதக்கிற மாதிரி இழுக்கும். என்விடியா 2013-ல் ஜி-சிங்க் அறிவித்ததும், பின்னாலேயே ஏ.எம்.டி. ஃப்ரீ-சிங்க் கொண்டுவந்ததும் இதைத் தீர்க்கத்தான். கார்டு எப்போது படம் தருகிறதோ அப்போது வரைகிறேன் என்று மானிட்டர் இறங்கி வந்துவிடும்.

அண்ணன் பொறுமைசாலி. "அப்போ 180 பாருங்க" என்று பக்கத்து டேபிளைக் காட்டினார். 24 இன்ச், ஐ.பி.எஸ். பேனல், 11,800 ரூபாய். 60-லிருந்து 180 போனால் மிச்சம் 11 மில்லி செகண்ட். அங்கிருந்து 240 போக 4,700 ரூபாய் கூடப் போட்டால் மிச்சம் 1.4 மில்லி செகண்ட். மேலே போகப் போக இப்படித்தான், நம்பர் பெரிசா ஏறும், லாபம் துளித்துளியாகச் சொட்டும். 2020-ல் 360 ஹெர்ட்ஸ் வந்தது, 2023-ல் 540 வந்தது. அதில் ஆடிச் சம்பாதிக்கிறவர்களுக்கு அந்தத் துளியும் காசுதான். பந்தி பரிமாறுகிறவனுக்கு இல்லை.

"கொஞ்சம் சுத்திட்டு வர்றோம்ண்ணா" என்று கிளம்பினோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதல் கடையில் வாங்கினால் பரம்பரைக்கே அவமானம்!

செகண்ட் ஹேண்டில் 144 ஹெர்ட்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று டீக்கடையில் ஒருத்தர் சொல்ல, ஒரு சந்துக்குள் மரப்படி ஏறி ஒரு சர்வீஸ் கடைக்குப் போனோம். படியே தொண்ணூறு டிகிரி. மேலே சோல்டரிங் புகை, பிரித்துப் போட்ட டிவிக்கள், நடுவில் மூக்குக் கண்ணாடியோடு ஒரு பெரியவர். 144 ஹெர்ட்ஸ் எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் மூலையில் இரண்டு குண்டு மானிட்டர்கள் இருந்தன. அந்தக் காலத்து சி.ஆர்.டி.!

"ரேடியோ பார்ட்ஸ் காலத்துலேர்ந்து இந்தத் தெருவுல இருக்கேன் தம்பி. ஹெர்ட்ஸ்னு நீங்க இப்ப பேசுறீங்க. பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தவங்க எல்லாம் அப்பவே எங்கிட்ட வந்து, 'கஸ்டமர் தலைவலிங்கறான், என்னன்னு பாருங்க'ம்பாங்க. போய் 60-ஐ 85-னு மாத்தி வெச்சுட்டு வருவேன். அவ்ளோதான், தலைவலி போச்சு. அதுக்கு அம்பது ரூபா வாங்குவேன்" என்று சிரித்தார்.

எங்கள் புரொபஸர் ஒரு மணி நேரம் எடுத்திருந்தாலும் இப்படிப் புரிந்திருக்காது. சி.ஆர்.டி-யில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே வரி வரியாகப் படம் வரையும். வரைந்த இடம் உடனே மங்க ஆரம்பிக்கும். 60 தடவைதான் வரைந்தால் திரை மினுக்கும், கண் எரியும். அதனால் 85, 100 என்று ஏற்றி வைப்பார்கள். எல்.சி.டி. வந்தபோது படம் மங்காமல் நின்றது, மினுக்கும் போனது. 'அப்புறம் எதுக்கு 60-க்கு மேல?' என்று எல்லோரும் 60-லேயே உட்கார்ந்துவிட்டார்கள். இடம் மிச்சம், கரன்ட் மிச்சம், ஆபீஸ்களுக்கு சந்தோஷம். நஷ்டம் கேம் ஆடுகிறவர்களுக்குத்தான். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் கில்லியாக இருந்தவர்கள் பல பேர், ஊரே தட்டை மானிட்டருக்கு மாறின பிறகும் அந்தக் குண்டு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போட்டிகளுக்குப் போனார்கள். 2009-ல் சாம்சங், வியூசோனிக் எல்லாம் 120 ஹெர்ட்ஸ் எல்.சி.டி. விற்க ஆரம்பித்தன. அதுவும் கண்ணாடி போட்டு 3டி பார்ப்பதற்காக! ஒரு கண்ணுக்கு 60, இன்னொரு கண்ணுக்கு 60. 3டி மோகம் போனது, ஹெர்ட்ஸ் நின்றுவிட்டது. 2012-ல் 144 வந்தது. பழையபடி பாட்டி காலத்து சி.ஆர்.டி. வேகத்துக்கு எல்.சி.டி. வந்து சேர இவ்வளவு வருஷம்.

பெரியவர் போகும்போது ஒரு விஷயம் சொன்னார். "பொட்டில ஒரு மில்லி செகண்ட்னு போட்டிருப்பான், அதை நம்பி வாங்காதீங்க. கறுப்புல சாம்பல் கலரை ஓடவிட்டுப் பாருங்க." கீழே இறங்கினதும் இன்னொரு கடையில் அதைச் செய்தோம். விலை குறைவான ஒரு வளைவு மானிட்டர், 165 ஹெர்ட்ஸ், வி.ஏ. பேனல். இருட்டான காட்சியில் நகர்கிற உருவத்துக்குப் பின்னால் கரிப்புகை மாதிரி வால். 165 ஹெர்ட்ஸ் என்றால் ஆறு மில்லி செகண்டுக்கு ஒரு புதுப் படம் வருகிறது. ஆனால் பிக்ஸல் நிறம் மாறி முடிக்க அதை விட அதிக நேரம் எடுத்தால் பழைய படமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். எல்லா வி.ஏ. பேனலும் இப்படி என்றில்லை. இந்தப் பேனல் இப்படி. அதுக்காகத்தான் நேரில் வர்றது.

நாலு கடை ஏறி இறங்கினதில், முதல் கடையில் பார்த்த அதே 180 ஹெர்ட்ஸ் மாடல் இன்னொரு கடையில் 11,200 என்றார்கள். மாப்ள பேரத்தை ஆரம்பித்தான். பந்தியில் 'இன்னும் கொஞ்சம் பாயசம்' கேட்கிற மாமாக்களைச் சமாளித்த வாய். "அண்ணே, காட்பாடிலேர்ந்து இதுக்காகவே வந்திருக்கோம்ணே... ரயில் சார்ஜைக் கொறைங்கண்ணே" என்று இருபது நிமிஷம். 10,900-க்கு முடிந்தது. ஜி.எஸ்.டி. பில், பில்லில் சீரியல் நம்பர், முழுத் திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு டெட் பிக்ஸல் தேடல். இந்த மூன்றும் ஆகாமல் காசை எடுக்காதீங்க. பெட்டியில் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் இருக்கா என்பதும் முக்கியம். சில மாடல்களில் ஹெச்.டி.எம்.ஐ. வழியாக 144-தான் வரும், முழு வேகம் டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும்.

பாக்கி 2,100. ஹெட்செட் கடைப் பக்கம் நகர்ந்தவனை இழுத்துப் பிடித்தேன். நோட்டில் இரண்டாவது நம்பர் இன்னும் பாக்கி இருந்தது. பிங்.

வேலரன்டுக்கு இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. நாம் சுட்ட செய்தி அங்கே போய்த் திரும்பி வர ஆகிற நேரம்தான் பிங். மாப்ளயின் ரூமில் மதியம் 45 மில்லி செகண்ட். ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டலே வைஃபையில் படம் பார்க்க உட்காரும்போது, 45, 60, திடீரென்று 180, திரும்ப 50 என்று கபடி ஆடும். அந்த சர்வர் செகண்டுக்கு 128 தடவை, அதாவது எட்டு மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. இவன் செய்தியோ தூங்கி எழுந்து போய்ச் சேர்கிறது. மானிட்டர் மிச்சம் பிடித்துத் தருகிற 11 மில்லி செகண்டை வைஃபை ஒரே தாவலில் 130-ஆக விழுங்கிவிடுகிறது. 'நான் பாக்கும்போது நான் கீழே கிடக்கேன்' என்கிற புலம்பலில் மீதிப் பாதிக்குக் காரணம் இந்தத் தாவல்தான், டப்பா இல்லை.

எங்கள் காரிடார் கடைசியில் யாரும் தொடாத ஒரு லேன் போர்ட் இருக்கிறது. வார்டன் சாரிடம் ஏற்கெனவே வாய்மொழி பர்மிஷன் வாங்கியாச்சு. ரூமிலிருந்து அதுவரை எத்தனை தூரம் என்று காலடியால் அளந்தும் வைத்திருந்தேன். நரசிங்கபுரம் தெருவில் ஒரு கேபிள் கடை. பூக்கடையில் முழம் போடுகிற மாதிரி அந்தப் பையன் கேட் சிக்ஸ் கேபிளை இழுத்து இழுத்து முப்பது மீட்டர் அளந்தான். இரண்டு முனையிலும் கனெக்டர் நசுக்கி, டெஸ்ட்டரில் எட்டு லைட்டும் எரிகிறதா என்று காட்டி, மொத்தம் 720 ரூபாய். ஒண்ணரைக் கல்யாணம்.

சாயங்காலம் சென்ட்ரலில் அன்ரிசர்வ்டு பெட்டியில் மானிட்டர் அட்டைப்பெட்டிக்கு ஒரு சீட், எங்களுக்கு நிற்கிற இடம். "டிவியா தம்பி?" என்று கேட்ட எல்லோருக்கும் "ஆமாங்க" என்றே சொல்லிக்கொண்டு வந்தான் மாப்ள. வேற என்ன சொல்வான்?

ஒன்பதரைக்கு ரூம். மொத்த ஹாஸ்டலும் வாசலில் நிற்கிறது. கேபிள் மாட்டி ஆன் பண்ணினால்... ஒரு வித்தியாசமும் இல்லை! மாப்ளயின் முகத்தில் இருபத்தாறு கல்யாணமும் ஓடியது. பதற வேண்டாம். விண்டோஸ் பல நேரம் புது மானிட்டரையும் 60-லேயே ஓட்ட ஆரம்பிக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் நாமதான் 180-ஐத் தேர்ந்தெடுக்கணும். எங்கள் விங்கிலேயே ஒரு சீனியர் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி எட்டு மாசம் 60-ல் ஓட்டிக்கொண்டு, 'சூப்பர் ஸ்மூத்' என்று எல்லோருக்கும் சிபாரிசு பண்ணிக்கொண்டிருந்தார். அன்னிக்கு ராத்திரி வாசலில் நின்ற கூட்டத்தில் இருந்து சத்தமில்லாமல் நழுவி அவர் ரூமுக்குப் போனதை நான் பார்த்தேன்.

180 வைத்ததும் வெறும் மவுஸ் பாயின்ட்டரை வட்டமாகச் சுற்றியே பத்து நிமிஷம் போச்சு. அப்புறம் முதல் மேட்ச். பிங் 44, அசையவில்லை. மாப்ள வழக்கம்போல முதல் ஆளாக உள்ளே பாய்ந்தான். மூலையில் இருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். இந்தத் தடவை அவன் தோள், தலை, துப்பாக்கி வரை வாசலில் நின்ற எங்களுக்கே தெளிவாகத் தெரிந்தது. மாப்ள சுட்டான். குறி ஒரு சாண் தள்ளிப் போனது. செத்தான்.

ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "யாரு சுட்டான்னு தெரிஞ்சுதுடா மச்சி!" என்றான், ஜெயித்தவன் மாதிரி.

இப்போ தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஷூட்டிங் ரேஞ்சில் பொம்மைகளைச் சுட்டுப் பழகுகிறான். ஐப்பசியில் முகூர்த்தம் நாலு இருக்காம், ஹெட்செட்டுக்கு.